காணாக்கடியும் பார்த்தீனியமும்

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி என்று கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை ஊர்களில் ஒருவருக்கு உடம்பில் தடிப்பும் அரிப்பும் கண்டால், முதல் சந்தேகம் சாப்பாட்டின் மேல் விழும். கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டங்கள் என்று நிறுத்தப்படும். அதற்கும் அடங்காவிட்டால் காணாக்கடி, கண்ணில் படாமல் ஏதோ கடித்துவிட்டது என்று முடிவாகும். குப்பைமேனி இலையை உப்போ மஞ்சளோ சேர்த்து அரைத்துப் பூசுவதும் மந்திரிப்பதும் பழைய வழக்கம். திராட்சைத் தொழில் இந்தச் சந்தேகப் பட்டியலை இன்னும் நீட்டியது. முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் பந்தலேறிய பன்னீர் திராட்சைக்குப் பூஞ்சாணம் தாக்காமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, கந்தகம், பிறகு வந்த மருந்துகள் என்று பலவும் தெளிக்கப்படுகின்றன. இத்தனை காரணங்கள் முன்னால் நிற்கும்போது வரப்போரத்துப் பார்த்தீனியக் களையை யாரும் நினைப்பதில்லை.

காரணம் பிடிபடாமல் போவதற்குக் காலக்கணக்கும் ஒரு காரணம். கந்தகமோ மருந்தோ தோலைச் சுட்டால் பெரும்பாலும் பட்ட இடத்திலேயே, பட்ட அன்றே எரியும். ஒவ்வாமை அப்படி இல்லை. ஒரு பொருளை ஆண்டுக்கணக்கில் தொட்டும் ஒன்றும் நேராமல் இருக்கலாம். உடலின் தற்காப்பு அணுக்கள் அதைப் பகையாகக் குறித்துக்கொண்ட பிறகு, மறுபடி பட்டால் ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பும் கொப்புளமும் கிளம்பும். திங்கட்கிழமை களை எடுத்தவருக்குப் புதன்கிழமை அரித்தால், செவ்வாய் ராத்திரி சாப்பிட்ட மீன்குழம்பின் மேல்தான் பழி விழும்.

இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் ஜெர்மன் மருத்துவர் யோசஃப் யாடாசோன். சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிவைத்து, அந்த இடத்தில் நோய் வருகிறதா என்று பார்க்கும் ஒட்டுச் சோதனையை அவர் 1895-இல் பாதரசத்தைக் கொண்டு செய்து காட்டினார். இன்றைக்கும் முறை ஏறக்குறைய அதுதான். முதுகின் மேற்பகுதியில் ஒட்டுவார்கள், 48 மணி நேரம் கழித்து எடுப்பார்கள், மேலும் ஓரிரு நாள் விட்டு இன்னொரு முறை பார்ப்பார்கள்.

எதை ஒட்டிப் பார்ப்பது என்பதை உடம்பில் நோய் வந்த இடம்தான் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் முகாமிட்டிருந்த அமெரிக்க வீரர்கள் பலருக்குப் பிடரியிலும் இடுப்பிலும் கொப்புளம் வந்தது. சலவைக்குப் போட்ட துணி மாறிவிடாமல் இருக்க வண்ணார்கள் சேராங்கொட்டைச் சாற்றால் குறியிடும் இடங்களுக்கு நேராகவே அந்தக் கொப்புளங்கள் இருந்தன. லிவிங்குட் முதலான ராணுவ மருத்துவர்கள் 1943-இல் இதை எழுதினார்கள். காலர் பட்டையில் இருந்த ஒரு கறுப்புப் புள்ளி வழக்கை முடித்துவைத்தது.

பார்த்தீனியத்தில் அந்த வசதி இல்லை. மெக்சிகோ வளைகுடாவைச் சுற்றிய நிலங்களைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடி 1955-இல் பூனாவில் காணப்பட்டது. அடுத்த ஆண்டு ஆர். எஸ். ராவ் அதை இந்தியாவுக்குப் புதிய செடியாகப் பதிவு செய்தார். பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் வந்த கோதுமையோடு விதை வந்தது என்பது நாடெங்கும் சொல்லப்படும் கதை. ஆனால் அந்தத் திட்டத்தில் இந்தியா முதல் ஒப்பந்தம் செய்தது 1956 ஆகஸ்டில். செடி அதற்கு முன்பே வந்துவிட்டது. 1951-இல் கடனாக வந்த அமெரிக்கக் கோதுமையோடு வந்திருக்கலாம் என்பது ஆண்டுக் கணக்குக்கு ஒத்துவருகிறது. எப்படி வந்திருந்தாலும் பரவ அதிகக் காலம் தேவைப்படவில்லை. ஒரு செடி 15,000-க்கு மேல் விதை போடும்; முளைத்த நான்கு முதல் ஆறு வாரங்களில் பூத்துவிடும்.

பூனா வட்டாரத்தில் உழவர்களுக்கும் கூலியாட்களுக்கும் முகம், கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்துக் கறுத்து, வெடித்து நீர் வடியும் நோய் வரத் தொடங்கியது. திறந்திருந்த இடங்களில் வந்ததால் வெயில் ஒவ்வாமை போலத் தெரிந்தது. ஆனால் மேல் இமை, காதின் பின்புறம், மோவாய்க்கு அடிப்பகுதி என்று வெயில் சரியாகப் படாத இடங்களிலும் அது இருந்தது. வெயில் புகாத மடிப்பில் காற்று புகும். அது சுமந்து வரும் தூசும் புகும். பூனா தோல் மருத்துவர் லோங்கர், ஜோக் என்பவருடன் சேர்ந்து 1968-இல் பார்த்தீனியத்தைக் காரணமாகக் காட்டினார். பின்னர் வான்கூவரின் மிட்செல், லண்டனின் கால்னன் ஆகியோருடன் அவர் எழுதிய 1974-ஆம் ஆண்டுக் கட்டுரை இந்த நோயை உலகத் தோல் மருத்துவத்துக்குத் தெரியப்படுத்தியது. செடி கண்ணில் பட்டு, கட்டுரை வெளிவர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வளவு காலமும் அரிப்பைச் சுமந்தவர்கள் களத்திலும் காட்டிலும் வேலை செய்தவர்கள்.

கேரட் இலை போல வெட்டுப்பட்ட இலையும், மூக்குத்தி அளவே ஆன வெள்ளைப் பூவும் இச்செடியின் அடையாளம். பூவை விரலில் வைத்துப் பார்த்தால் ஓரத்தில் ஐந்து சிறு இதழ்கள் தெரியும். இலையையும் தண்டையும் மெல்லிய மயிர்கள் மூடியிருக்கும். பார்த்தினின் என்ற நச்சுப்பொருள் அந்த மயிர்களில் இருக்கிறது. செடி காய்ந்ததும் அவை ஒடிந்து தூசோடு பறக்கும். ஒவ்வாமை உள்ளவர் செடியைத் தொடாமலே பாதிக்கப்படுவது இதனால்தான். பெரும்பாலும் நடுவயது கடந்த ஆண்களுக்கு வருகிறது, சிறுவர்களுக்கு அரிது. சாமந்தியும் சூரியகாந்தியும் இதே குடும்பம் என்பதால், பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாத சிலருக்குப் பூ கட்டும்போதும் அரிப்பு வரும்.

கர்நாடகம் 1975-இல் இதைத் தீங்கான களையாக அறிவித்தது. இதன் இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1983-இல் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டது. மழைக்காலத்தில் வண்டு நன்றாகவே தின்கிறது. கோடையில் மண்ணுக்குள் போய்விடுகிறது. செடி இன்னும் போகவில்லை. நோய்க்குத் தோலில் தடவும் ஸ்டீராய்டு களிம்பும், முற்றியவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பில் அசாதயோபிரின் மாத்திரையும் உண்டு. ஆனால் தூசு படுவது நிற்காதவரை அரிப்பு திரும்பத் திரும்ப வரும்.

பந்தல் தோட்டத்தில் வேலை செய்பவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. காணாக்கடித் தடிப்பு ஓரிடத்தில் எழுந்து பொதுவாக ஒரு நாளைக்குள் மறையும். பார்த்தீனிய நோய் வாரக்கணக்கில் நின்று தோலைத் தடிக்கவைக்கும். கவாத்து, களை, மருந்து என்று எந்த வேலை எந்த நாளில் நடந்தது, எத்தனை நாள் கழித்து அரித்தது, வேலைக்குப் போகாத நாட்களில் குறைந்ததா என்பதை மருத்துவரிடம் சொன்னால் பாதித் தேடல் முடிந்துவிடும். வரப்பில் பார்த்தீனியம் இருந்தால், மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, பூப்பதற்கு முன்னால், கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். ஏற்கெனவே அரிப்பு உள்ளவரை அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள்.