"வீட்டுக்குச் சொல்லிடுவாங்களா?" - பள்ளி மாணவர்கள் மனநல ஆலோசனை பெறுவது எப்படி?

பரீட்சை பயம், நண்பர்களுடன் சண்டை, வீட்டில் பிரச்னை, தூக்கமே வராத ராத்திரிகள்... காரணம் எதுவானாலும் யாரிடமாவது பேசலாம் என்று நினைக்கும் மாணவரை ஒரு கேள்வி தடுத்துவிடும். "நான் சொன்னா வீட்டுக்குத் தெரிஞ்சிடுமா?"

அதற்கு முன், யாரிடம் போய்ப் பேசுவது என்று பார்க்கலாம்.

ஸ்கூலில் கவுன்சிலர் இருக்க வேண்டுமா?

ஆம். விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்று வந்த 17 வயது மாணவி உயிரிழந்த வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. அதன்படி 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியான ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும். உதவி எண்களைப் பெரிய எழுத்தில் வகுப்பறையிலும் ஹாஸ்டலிலும் ஒட்டி வைக்க வேண்டும்.

உத்தரவு இருப்பது வேறு, ஸ்கூலில் ஆள் இருப்பது வேறு. கவுன்சிலர் இல்லாத பள்ளியில், நம்பிக்கையான ஒரு டீச்சரிடம் "மனசு சரியில்ல, கவுன்சிலர்கிட்ட பேசணும் மிஸ்" என்று சொன்னாலே போதும். முழுக் கதையையும் அவரிடம் சொல்லத் தேவையில்லை.

போனில் பேசலாமா?

14416-க்கு அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார்.

கடைசி எண்ணை மாற்றி 14417 அழுத்தினால் அது பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண். படிப்பு, தேர்வு, பள்ளி தொடர்பான புகார்களுக்கு அதில் பேசலாம். அடி, உதை, பாலியல் தொல்லை என்றால் 1098.

ரகசியம் காக்கப்படுமா?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி, சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். மார்க் குறைந்தது, காதல், நண்பருடன் சண்டை போன்றவற்றை ஆலோசகர் ஊருக்கெல்லாம் சொல்லக் கூடாது.

ஆனால் விதிவிலக்குகள் உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவருக்கோ ஆபத்து என்றால் உரியவர்களிடம் சொல்லியாக வேண்டும். பாலியல் குற்றம் என்றால், போக்சோ சட்டப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். 18 வயதுக்குள் இருப்பவருக்கு மாத்திரை, மருத்துவமனை அனுமதி என்று சிகிச்சை போகும்போது பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதமும் தேவை.

அதனால் "யார்கிட்டயும் சொல்லவே மாட்டேன்" என்பவரை விட, "இந்த விஷயம்னா மட்டும் சொல்ல வேண்டி வரும்" என்று முதலிலேயே சொல்பவரை நம்பலாம். பேச்சைத் தொடங்கும் முன் நீங்களே இதைக் கேட்கலாம். வீடுதான் பிரச்னை என்றால், அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நேரில் போக வேண்டும் என்றால்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் வழியாகவும் சிகிச்சை கிடைக்கும். பெற்றோரோ பாதுகாவலரோ உடன் போவது நல்லது.

நண்பர் ஒருவர் "சாகணும் போல இருக்கு, யார்கிட்டயும் சொல்லாத" என்று சொன்னால், அந்தச் சத்தியத்தை மீறி உடனே ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். அதுவரை அவரைத் தனியாக விடாதீர்கள்.

உதவிக்கு: டெலி மானஸ் 14416, மாநில சுகாதார உதவி எண் 104, சினேகா 044-24640050.