புறக்காழும் அகக்காழும்: மரமேறும் தொழிலின் உத்தியும் பாதுகாப்பும் – கோவிலம்பாக்கம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பெருமரங்களில் ஏறுவதும் அவற்றை வெட்டி வீழ்த்துவதும் உயிரிடர் மிகுந்த தொழில்கள். தமிழகத்தில் பனையேறும் தொழில் பல தலைமுறைகளாகத் திரண்ட பாதுகாப்பு அறிவைக் கொண்டிருந்தும், அது எழுத்து ஆவணங்களில் சாதி வழக்கமாகவும் வரிப்பொருளாகவும் குற்றமாகவும் இழப்பீட்டுக் கோரிக்கையாகவும் பதிவானதேயன்றித் தொழில்நுட்பமாகப் பதிவாகவில்லை. தென்சென்னைப் புறநகரான கோவிலம்பாக்கம் வட்டாரத்தில் பனைத்தொழில் மறைந்து, சாலையோரப் பெருமரங்களை வெட்டும் பணி பெருகியுள்ள சூழலில், அவ்வறிவு இடம் மாறாமல் போனதன் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பனையேறுதல், திளாப்பு, முருக்குத்தடி, மதுவிலக்கு, மரம் வெட்டுதல், வர்தா புயல், கோவிலம்பாக்கம்

முன்னுரை

செங்கல்பட்டு மாவட்டத்தின் பரங்கிமலை ஒன்றியத்தைச் சார்ந்த கோவிலம்பாக்கம், மேடவாக்கம் முதன்மைச் சாலையும் பல்லாவரம் – துரைப்பாக்கம் ஆரச்சாலையும் சந்திக்கும் பகுதியில் அமைந்துள்ளது. கீழ்க்கட்டளை, நன்மங்கலம், மேடவாக்கம், பள்ளிக்கரணை ஆகியன இதன் அண்டை ஊர்கள். ஏரிகளும் சதுப்பு நிலமும் வயல்களும் சூழ்ந்திருந்த இவ்வட்டாரம் ஒரு தலைமுறைக் காலத்திற்குள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறியது. ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் பனை நிற்பது செங்கல்பட்டு நிலப்பரப்பின் பொது இயல்பு. கடற்கரையை ஒட்டிய பனையூர் என்னும் ஊர்ப்பெயர் இதற்குச் சான்றாக இன்றும் வழங்குகிறது. நிலப்பயன்பாடு மாறியபோது மரங்கள் மட்டும் குறையவில்லை. அவற்றில் ஏறத் தெரிந்தோரும் குறைந்தனர். ஆயினும் மரமேறும் தேவை குறையவில்லை. மின்கம்பிகளுக்கும் வீடுகளுக்கும் இடையே வளர்ந்து நிற்கும் தூங்குமூஞ்சி, மயிற்கொன்றை, பெருங்கொன்றை முதலிய மரங்களைக் கழிக்கவும் வெட்டவும் ஆட்கள் வேண்டப்படுகின்றனர். அப்பணிக்குரிய அறிவு எங்கிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

தொல்காப்பியப் பாகுபாடும் தொழில் வேறுபாடும்

தொல்காப்பிய மரபியல் தாவரங்களைப் புறத்தே வன்மை உடையவை, அகத்தே வன்மை உடையவை எனப் பிரித்து, முன்னவற்றைப் புல் என்றும் பின்னவற்றை மரம் என்றும் வகைப்படுத்துகிறது. பனையும் தென்னையும் புறக்காழ் உடையவை; தேக்கு முதலியன அகக்காழ் உடையவை. இப்பாகுபாடு பெரும்பாலும் இலக்கண நோக்கிலும் தாவரவியல் நோக்கிலும் பேசப்பட்டு வந்துள்ளது. மரமேறுவோர்க்கு இது உயிர் சார்ந்த வேறுபாடு.

புறக்காழ் மரத்திற்குக் கிளை இல்லை. ஆகவே இடையில் கால் வைத்து நிற்கவோ கயிறு கட்டவோ இடமில்லை; அடியிலிருந்து முடிவரை உடலும் மரமும் மட்டுமே. அதன் தண்டில் ஏற்படும் காயத்தை மூடிப் புதுத்திசு வளர்வதுமில்லை. எனவே ஆணிமுனை கொண்ட காலணியால் குத்தி ஏறும் முறை பனைக்கு நிலையான புண்ணை உண்டாக்கும். அகக்காழ் மரமோ கிளைகளால் பற்றிடம் தரும். ஆனால் அக்கிளையே உளுத்துப்போய் முறியவும் கூடும். முன்னதில் ஆபத்து பிடி நழுவுவதில் உள்ளது. பின்னதில் பிடித்த பொருளே உடைவதில் உள்ளது. ஒன்றில் தேர்ந்தவர் மற்றொன்றிலும் தேர்ந்தவராக இருப்பார் எனக் கருதுவது பிழையாகும்.

பனையேறும் உத்தியில் அமைந்த பாதுகாப்பு

பழந்தமிழ் இலக்கியம் பனையைப் பெண்ணை, போந்தை எனப் பலவாறு போற்றுகிறது. சேரரின் அடையாளப் பூ பனம்பூவே. உயரம் ஏறும் தொழிலும் அதில் இடம்பெறாமலில்லை. மலைபடுகடாம், செங்குத்தான மலையில் தேன் எடுக்க நாட்டப்பட்ட மூங்கிலாலான மால்பினைக் குறிப்பிடுகிறது. எனினும் ஏறுபவரின் கைகால் அசைவு, கயிற்றின் முடிச்சு, இறங்கும் முறை ஆகியவை பாடுபொருளாகவில்லை. அவ்வறிவு தந்தையிடமிருந்து மகனுக்குச் செயல்வழியே சென்றது.

தென்மாவட்டப் பனையேறிகளின் கருவிகளை நோக்கினால் அவற்றுள் பாதுகாப்புக் கூறு எவ்வாறு உள்ளடங்கியுள்ளது என்பது விளங்கும். முருக்குத்தடி மரத்தின் அடியில் சாய்த்து வைக்கப்படுவது. தரையிலிருந்து முதல் பிடி வரையுள்ள தொலைவை அது குறைக்கிறது. களைத்து இறங்குபவர்க்கு இறுதிப் படியாகவும் உதவுகிறது. திளாப்பு அல்லது தளைநார் என்பது இரு பாதங்களையும் இணைக்கும் வளையம். பாதங்கள் மரத்தின் இருமருங்கும் அழுந்தும்போது வளையம் அவை விலகாமல் தடுக்க, உடல் எடையே பிடியை இறுக்கும் விசையாக மாறுகிறது. கைகள் மேலே சென்று பற்றும்போது கால்கள் அசைவதில்லை; கால்கள் மேலே இழுக்கப்படும்போது கைகள் அசைவதில்லை. இரண்டும் ஒருசேர மரத்தை விட்டு நீங்கும் கணம் என ஒன்று இல்லை. இடுப்பையும் மரத்தையும் சுற்றிக் கயிறு கட்டி ஏறும் வழக்கமுள்ள இடங்களில், சற்றுப் பின்னே சாய்ந்து கயிற்றில் எடையைத் தாங்கிக் கைகளை வேலைக்கு விடுவிக்க முடிகிறது. இன்றைய மரப்பராமரிப்பாளர் பயன்படுத்தும் இடைவாரின் கொள்கையும் இதுவேயாகும்.

பாளை அரிவாள் கையில் ஏந்தப்படாமல் இடுப்பில் தொங்கும் அரிவாள் பெட்டிக்குள் செல்கிறது. கூர்முனைக் கருவி கையை மறிக்கவும் கூடாது, நழுவினால் உடலைக் கிழிக்கவும் கூடாது என்னும் எண்ணம் இவ்வமைப்பில் உள்ளது. பருவத் தொடக்கத்தில் காவோலைகளையும் கருக்கு மட்டைகளையும் பன்னாடைகளையும் கழித்து மரத்தைத் துப்புரவாக்குவது பதநீருக்காக மட்டும் செய்யப்படுவதன்று. தேளும் பாம்பும் குளவியும் தங்கும் இடத்தை அகற்றுவதும் அதனால் நிகழ்கிறது. பதநீர் இறக்கும் காலம் வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னரே தொடங்குவது பாளை விடும் பருவத்தால் அமைந்தது. ஆயினும் நனைந்து வழுக்கும் மரத்தில் நாள்தோறும் ஏறும் தேவையை அது பெரிதும் தவிர்த்தது.

இவற்றால் தொழில் இடரற்றதாயிற்று எனக் கொள்ள முடியாது. கயிறு அறுவதும் கை தளர்வதும் திடீர் மழையும் உயிரைப் பறித்தன. முதுகெலும்பு முறிந்து படுக்கையில் வீழ்ந்தோர் குடும்பங்கள் வறுமையுற்றன. மேற்கண்ட முறையில் விழுந்தவரைத் தாங்கிப் பிடிக்கும் இரண்டாவது காப்பு ஏதும் இல்லை. விழாதிருப்பதற்கான நுட்பம் உச்சத்தில் இருந்தது. விழுந்தபின் காக்கும் ஏற்பாடு இல்லாதிருந்தது.

ஆவணங்களில் பனையேறி

காலனியக் கால எழுத்துகள் இத்தொழிலைக் கூர்ந்து நோக்கின. இராபர்ட் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சாணார் பற்றிய நூல், பனையேறுவோரின் அன்றாட உழைப்பைப் பதிவு செய்தது. ஆனால் அந்நூலின் நோக்கம் ஒரு சமூகத்தின் இயல்பை வரையறுப்பதாக இருந்தது. அதில் காணப்பட்ட கருத்துகளுக்கு அச்சமூகத்தாரிடமிருந்தே கடும் எதிர்ப்பு எழுந்ததை இராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியான தம் ஆய்வில் விளக்கியுள்ளார். 1850இல் கொழும்பில் வெளிவந்த வில்லியம் பெர்குசனின் பனை பற்றிய நூல் மரத்தையும் அதன் பயன்களையும் முதன்மைப்படுத்தியது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகள் தொழிலைக் குலத்தின் கீழ் அடக்கின. இம்மூன்றிலும் ஏறும் திறன் பிறப்போடு வந்த உடற்பழக்கமாகத் தோன்றுகிறதேயன்றிக் கற்று அடைந்த நுட்பமாகத் தோன்றவில்லை.

அரசின் ஆவணங்களில் நிலைமை வேறு. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ்க் கள் இறக்கும் மரத்திற்கு வரி விதிக்கப்பட்டது. மரம் எண்ணப்பட்டது, ஏறியவர் எண்ணப்படவில்லை. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் தளர்த்தப்பட்டு, 1974க்குள் மீண்டும் நடைமுறைக்கு வந்து, 1981இல் மறுபடியும் தளர்ந்து, 1987 ஜனவரி 1 முதல் கள் முற்றாகத் தடை செய்யப்பட்டது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கிக் கருப்புக்கட்டி காய்ச்சும் தென்மாவட்டங்களில் தொழில் ஓரளவு தொடர்ந்தது. நகரச் சந்தையை நம்பிய வடமாவட்டப் பகுதிகளில் நுங்கும் ஓலையும் தவிர மரமேறுவதற்குச் சட்டபூர்வமான காரணம் அருகியது. சட்டத்திற்குப் புறம்பாகக் கருதப்படும் தொழிலில் நேரும் விபத்து, தொழில் விபத்தாகப் பதிவாகும் வாய்ப்பும் குறைவு. இந்தத் தடை எழுப்பிய ஒழுக்க விவாதத்திற்கு அப்பால், அது ஒரு கைத்திறனின் தொடர்ச்சியை அறுத்தது என்பது தனித்து நோக்கத்தக்கது.

1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியில் பனைமரத் தொழிலாளர் நல வாரியம் 2006இல் அமைக்கப்பட்டது. இதனால் பனையேறி தொழிலாளி என்னும் தகுதியில் அரசு ஆவணத்தில் இடம்பெற்றார். ஆயினும் நல வாரியத்தின் மையம் உதவித்தொகையாகும். விபத்துக்குப் பின் என்ன வழங்குவது என்பதை அது வகுத்தது. விபத்து நேராமல் எவ்வாறு ஏறுவது என்பது அதன் எல்லைக்கு வெளியே நின்றது. 2021 ஆகஸ்ட் மாதத்தில் தாக்கல் செய்யப்பட்ட முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என அறிவித்து மரத்திற்குக் காப்பளித்தது. கேரளத்தில் தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய தென்னையின் நண்பர்கள் திட்டம் இதற்கு மாறான வழியை மேற்கொண்டது. ஏறுகருவியைக் கொண்டு மரமேறப் பயிற்சியளித்து, விபத்துக் காப்பீட்டையும் இணைத்து, குலத்தொழில் என்னும் எல்லைக்கு வெளியே இருந்தோரையும் பெண்களையும் அது இத்தொழிலுக்குள் கொணர்ந்தது.

வீழ்த்தும் நுட்பமும் நகர மரங்களும்

மரம் வெட்டுவதன் நுட்பம் வேறு மரபில் எழுத்துருப் பெற்றது. காட்டுத்தொழில் பாதுகாப்புக்கெனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1998இல் நடைமுறைக் கோவை ஒன்றை வெளியிட்டது. இத்துறையில் இன்று ஏற்கப்பட்டுள்ள அடிப்படை முறை மூன்று கூறுகளால் ஆனது. மரம் விழவேண்டிய திசையில் ஆப்பு வடிவில் முன்வெட்டு இடப்படும். அதன் ஆழம் அடிமர விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. அதன் எதிர்ப்புறத்தில் சற்று உயரத்தில் பின்வெட்டு இடப்படும். இரண்டிற்கும் நடுவே விட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வெட்டாமல் விடப்படும். அப்பகுதி கதவின் கீல் போல நின்று மரத்தைத் திசை மாறாமல் சாய்க்கும். கீலை முழுதும் அறுத்துவிட்டால் மரம் எத்திசையிலும் திரும்பக்கூடும். வெட்டுபவர் விலகிச் செல்லும் வழி, விழும் திசைக்குப் பின்புறம் சாய்வாக முன்கூட்டியே துப்புரவு செய்யப்பட வேண்டும். ஏனையோர் மர உயரத்தின் இருமடங்குத் தொலைவிற்கு அப்பால் நிற்க வேண்டும்.

இம்முறை அகக்காழ் மரத்தை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. பனையின் தண்டில் வன்மை விளிம்பில் இருப்பதால் கீலின் வலிமையும் இரு ஓரங்களிலேயே தங்குகிறது. ஓரங்களை அறுத்து நடுவை விட்டால் எஞ்சுவது மென்மையான சோறு மட்டுமே. தொல்காப்பியம் சுட்டிய வேறுபாடு வாளின் முனையில் வெளிப்படும் இடம் இது.

கோவிலம்பாக்கம் போன்ற நெருக்கமான குடியிருப்பில் மர உயரத்தின் இருமடங்கு வெற்றிடம் கிடைப்பதில்லை. எனவே மரத்தை முழுதாகச் சாய்க்காமல், மேலேறிக் கிளை கிளையாக வெட்டிக் கயிற்றில் இறக்குவதே வழி. அதாவது வெட்டும் நுட்பமும் ஏறும் நுட்பமும் ஒருவரிடமே கூட வேண்டியுள்ளது. பெரிய கிளையை ஒரே வெட்டில் மேலிருந்து அறுத்தால் அது முறியும்போது பட்டையை உரித்துக்கொண்டு தாய்மரத்தை நோக்கித் திரும்பும். முதலில் அடிப்புறம் சிறு வெட்டு, பின் சற்று வெளியே தள்ளி மேல்வெட்டு, இறுதியில் கிளையடி வளையத்தை ஒட்டிய துப்புரவு வெட்டு என்பதே ஏற்கப்பட்ட முறை. கிளையடி வளையத்தைச் சேதப்படுத்தாமல் வெட்டினால் மரம் அழுகலைத் தன்னுள் தடுத்து நிறுத்தும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1970களிலும் 1980களிலும் நிறுவினார். தண்டோடு மட்டமாக வெட்டப்பட்ட கிளைகள் உள்ளே உளுத்து, அடுத்த புயலில் முறியும் மரத்தை உருவாக்குகின்றன. இன்றைய பிழையான வெட்டு நாளை ஏறுபவருக்கு ஆபத்தாகிறது.

2016 டிசம்பர் 12 அன்று சென்னையை ஒட்டிக் கரைகடந்த வர்தா புயல் இக்குறையை வெளிக்கொணர்ந்தது. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா முதல் தெருமுனைகள் வரை பெருமரங்கள் வேரோடு சாய்ந்தன. சாய்ந்த மரம் நிற்கும் மரத்தினும் இடர் மிக்கது. வளைந்து அமுங்கிய கிளையில் ஒருபுறம் இழுவிசையும் மறுபுறம் அழுத்தமும் தேங்கி நிற்கும். இழுவிசைப் பக்கத்தை முதலில் ஆழமாக அறுத்தால் கிளை வில்லைப் போலத் தெறிக்கும். தண்டை அறுத்தவுடன் பெயர்ந்த வேர்த்தட்டு மண்ணோடு குழிக்குள் மீளவும் கூடும். அறுந்த கம்பியில் மின்னோட்டம் இல்லை என்பது உறுதியான பின்னரே பணி தொடங்க வேண்டும். இவற்றையெல்லாம் அறியாமல் அரிவாளோடும் வாடகைக்கு எடுத்த இயந்திர ரம்பத்தோடும் தெருவில் இறங்குவோரின் உயிர், தற்செயலை நம்பியே இருக்கிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன: பனையேறும் மரபு, பிடி நழுவாமைக்கான நுட்பத்தைக் கருவியிலும் அசைவிலும் பருவத்திலும் பொதிந்து வைத்திருந்தது. அது குலத்தோடும் கள்ளோடும் பிணைக்கப்பட்டுப் பார்க்கப்பட்டதால் தொழிற்கல்வியாக உருப்பெறவில்லை. வரிச்சட்டமும் மதுவிலக்கும் நல வாரியமும் வெவ்வேறு நோக்குடையன எனினும், ஏறும் முறையைப் பேசாமையில் ஒன்றுபடுகின்றன. விழுந்தவரைத் தாங்கும் இரண்டாவது கயிறு, வெட்டுமுறை, மின்காப்பு ஆகியவற்றைப் பழைய மரபு தராது. அவற்றை இன்றைய மரப்பராமரிப்பு நெறிகளிலிருந்தே பெற வேண்டும். எனவே பழைமையைப் போற்றுவதோ இயந்திரத்தை மட்டும் நம்புவதோ போதாது.

பனையேறிகளின் கலைச்சொற்களையும் அசைவு முறைகளையும் வட்டார வேறுபாடுகளோடு ஆவணப்படுத்துதல், உள்ளாட்சிப் பணிக்கு மரமேறுவோர்க்குப் பயிற்சியும் சான்றிதழும் காப்பீடும் இணைத்து வழங்குதல், ஒவ்வொரு விபத்தையும் அது நேர்ந்த முறையோடு பதிவு செய்தல் ஆகிய மூன்றும் உடனடித் தேவைகள். இவற்றுள் முதலாவது தமிழாய்வாளர்க்குரியது. முருக்குத்தடி, திளாப்பு போன்ற சொற்களைச் செயலோடு விளக்க வல்ல மூத்தோர் இன்னும் வாழும் காலத்திலேயே அதனைச் செய்து முடிக்க வேண்டியுள்ளது.