கொழும்பு வானில் வந்த விமானமும் ஒரு மாதிரி விமானமும்

தாமிரபரணி கடலிற் கலக்கும் புன்னைக்காயல் கரையிலிருந்து கொழும்புத் துறைமுகம் வான்வழியில் ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பறக்கவிட்ட 'ஜீரோ' என்னும் போர் விமானம் நிதான வேகத்தில் வந்தாலும் ஐம்பது நிமிடத்திற்குள் இத்தூரத்தைக் கடந்துவிடும். ஆயினும் அது நம் ஆற்றங்கரைக்கு வரவில்லை. வராத விமானத்திற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவலாம். அந்த வினாவை என்னிடம் முதலில் எழுப்பியவன் என் பேரன்.

பள்ளிக்கூடப் பொருட்காட்சிக்கென்று பிளாஸ்டிக்கில் ஒரு ஜீரோ விமானம் செய்துகொண்டிருந்தான். நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. மெய்யான விமானத்தின் இறக்கை விரிவு 12 மீட்டர். அவன் மேசையில் இருந்ததற்கு 25 சென்டிமீட்டர். நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. கீழே வைக்கும் அட்டையில் "கொழும்பு, 5-4-1942" என்று அழகாக எழுதி வைத்திருந்தான். விமானத்தின் வாலருகே இரண்டு சிவப்புப் பட்டைகள் ஒட்டியிருந்தான். ஒரு பட்டையைவிட இரண்டு பட்டை பார்வைக்கு நன்றாயிருந்தது என்பதே அவன் சொன்ன காரணம். அந்த இரண்டாவது பட்டையைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

இத்தகைய மாதிரிகளை வெறும் விளையாட்டுப் பொருளென்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர்கள் மரத்தைக் கடைந்து அரக்குப் பூசிச் செய்யும் செப்புச் சாமான்களைப் பார்த்து வளர்ந்த கண் அப்படித்தான் எண்ணும். சின்னஞ்சிறு பானையும் குடமும் அம்மியும் குழந்தைக்கு இல்லறத்தைக் காட்டும். விமான மாதிரியின் வரலாறு வேறு. 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டு உயர்நிலைப் பள்ளிகளின் பட்டறைகளிடம் 5 இலட்சம் மர விமான மாதிரிகள் செய்து தருமாறு கேட்டது. எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு, கறுப்பு வண்ணம். அம்மாதிரியை 35 அடி தொலைவில் தூக்கிப் பிடித்தால், அரை மைல் தொலைவில் பறக்கும் உண்மை விமானம் கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவே தெரியும். பீரங்கிக்காரனும் விமானியும் பகைவன் எது, நண்பன் எது என்று நொடியில் அறிந்துகொள்வதற்காகவே அவை செய்யப்பட்டன. மாதிரி என்பது ஒரு காலத்தில் அடையாளம் காணும் கல்வி.

அந்தக் கல்வி இல்லாமையால் நம்மவர்கள் மடிந்த ஒரு நாள் உண்டு. 1941 டிசம்பர் 11, வியாழக்கிழமை. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகருக்கு மேல் ஜப்பானிய விமானங்கள் அணியணியாக வந்தபோது, மக்கள் வீதியில் இறங்கி நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தனர். ஆங்கிலேயரின் விமானங்கள் என்று கருதியவர் பலர். குண்டுகளும் இயந்திரத் துப்பாக்கி இரவைகளும் அந்தக் கூட்டத்தின் மேலேயே விழுந்தன. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் சூலியா தெருவும் உள்ள ஊர் அது. தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்தும் துறைமுகத்தில் உழைத்தும் வாழ்ந்த ஊர். அதற்கு மூன்று நாள் முன்னதாக டிசம்பர் 8 அதிகாலையில் சிங்கப்பூர் மீது முதற்குண்டு விழுந்திருந்தது. அங்கும் நம் மாவட்டத்தார் இருந்தனர். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் நெசவுத் தொழில் நலிந்து கப்பலேறிய குடும்பங்கள் தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறி, அதே 1941ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் சங்கத்தையும் அமைத்திருந்தனர். கடையநல்லூரின் கருப்பாநதி சிற்றாற்றில் விழுந்து, சிற்றாறு தாமிரபரணியில் விழுகிறது. ஆகவே இதுவும் நம் ஆற்றின் கதையேயாகும்.

சிங்கப்பூரிலும் பினாங்கிலும் குண்டு வீசியவை ஜீரோக்கள் அல்ல. இரட்டை எஞ்சின் கொண்ட பெரிய குண்டு வீச்சு விமானங்கள். பேரனிடம் இதைச் சொன்னபோது அவனுக்குச் சற்று ஏமாற்றம். எல்லாவற்றையும் ஜீரோ என்றே சொல்லிவிடும் பழக்கம் போர்க்காலத்திலேயே இருந்ததுதான். பின்னர் அமெரிக்கர் ஜப்பானிய விமானங்களுக்குத் தம் வசதிக்காகப் பெயர் சூட்டினர்: போர் விமானத்திற்கு ஆண்பெயர், குண்டு வீச்சு விமானத்திற்குப் பெண்பெயர். சிங்கப்பூர் மீது வந்தது 'நெல்'. கொழும்பின் மீது வந்தவை 'வால்', 'கேட்'. அண்டை வீட்டுப் பெண்களை அழைப்பது போன்ற பெயர்கள்!

ஜீரோவைப் பற்றிச் சில செய்திகளை அறிவது தகும். மிட்சுபிஷி நிறுவனத்தின் ஜிரோ ஹொரிகோஷி என்னும் பொறியாளர் அதை வடிவமைத்தார். நகோயாத் தொழிற்சாலையில் விமானம் செய்தார்களேயன்றி அருகில் விமானத்தளம் இல்லை. ஆதலால் 1939ஆம் ஆண்டில், உலகின் மிக விரைவான விமானங்களுள் ஒன்றாகப் போவதைப் பிரித்து மாட்டு வண்டிகளில் ஏற்றி, ககாமிகஹாராத் தளத்துக்கு ஏறக்குறைய 48 கிலோமீட்டர் ஓட்டிச் சென்றனர். ஏப்ரல் முதல் நாள் அது பறந்தது. ஜப்பானியப் பேரரசின் கணக்கில் 2600ஆம் ஆண்டாகிய 1940இல் ஏற்கப்பட்டதால், அவ்வாண்டின் கடைசி எண்ணான சுழியமே அதற்குப் பெயராயிற்று. அந்த ஆண்டு செப்டம்பர் 13 அன்று சீனத்துச் சுங்கிங் வானில் 13 ஜீரோக்கள் தம்மினும் பெரிய சீன அணியை மோதி, ஒன்றையும் இழக்காமல் திரும்பின. இச்செய்தி மேலைநாட்டாருக்குச் சொல்லப்பட்டும் அவர்கள் நம்பவில்லை. ஜப்பானியனுக்கு விமானம் செய்யத் தெரியாது என்பது அவர்களது முடிவு. இறுமாப்புக்கு அவர்கள் கொடுத்த விலையில் பெரும்பகுதியைக் குடியேற்ற நாடுகளின் மக்களே கட்டினர் என்பது என் கருத்து.

மாதிரி செய்பவன் கை வைக்கும்போது இந்த விமானத்தின் இயல்பு புலப்படுகிறது. முதலில் விமானி அமரும் அறையைச் செய்து வண்ணம் பூசி, உடலின் இரு பாதிகளுக்கிடையே வைத்து ஒட்ட வேண்டும். ஒட்டிய பின் உள்ளே கை போகாது. இருக்கையைக் கையிலெடுத்துப் பார்த்தேன். எடை குறைய வேண்டுமென்று அதில் வரிசையாகத் துளைகள். இருக்கைக்குப் பின்னால் விமானியின் முதுகைக் காக்கும் கவசத் தகடு இல்லை. எண்ணெய்த் தொட்டிகளுக்கு, துளைபட்டால் தானே அடைத்துக்கொள்ளும் உறை இல்லை. 940 குதிரைத் திறன் எஞ்சினைக் கொண்டு மூவாயிரம் கிலோமீட்டர் பறக்கவும், வானில் எவரையும் விஞ்சித் திரும்பவும் வேண்டுமென்றால் எதையாவது துறக்க வேண்டுமல்லவா? துறக்கப்பட்டது விமானியின் பாதுகாப்பு. தன் மக்களையே இவ்வளவு மெலிதாக மதித்த அரசு, கீழே நின்ற பினாங்குக் கடைக்காரனை எவ்வாறு மதித்திருக்கும்?

இறக்கை நுனியில் அரை மீட்டர் அளவு மேல்நோக்கி மடங்கும். கப்பலின் மின்தூக்கியில் அடங்குவதற்காக அப்படி. மாதிரியில் அது ஒரு சென்டிமீட்டர்தான். அதையும் மடித்துக் காட்டலாம். வண்ணத்தில்தான் பெருஞ்சண்டை. 1942 ஏப்ரலில் கப்பல் ஜீரோக்கள் பச்சை வண்ணத்தில் இல்லை. வெளிர்ச்சாம்பலா, பழுப்புப் பச்சை கலந்த சாம்பலா என்பதில் மாதிரி செய்வோர் இன்றும் ஒன்றுபடவில்லை. எஞ்சின் மூடி கறுப்பில் நீலம் ஓடியது. பேரன் பழமை தோன்றட்டுமென்று வண்ணத்தை ஆங்காங்கே உரித்து வெள்ளி காட்ட முனைந்தான். வேண்டாமென்றேன். உரிந்த வண்ணம் பிற்காலத்தில் தென்கடல் தீவுகளில் அவசரமாகப் பச்சை பூசப்பட்ட விமானங்களுக்குரியது. கொழும்புக்கு வந்தவை வெற்றியின் உச்சியிலிருந்த கடற்படையின் பராமரிப்பில் இருந்தவை.

ஹிஜ்ரி 1361, ரபீஉல் அவ்வல் மாதம். கிறிஸ்தவர்களின் ஈஸ்டர் ஞாயிறு. அதற்கு முந்தைய நாள், பர்ச்சால் என்னும் கனடிய அதிகாரி செலுத்திய கேட்டலினா விமானம் இலங்கைக்குத் தெற்கே நகுமோவின் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பிய பின் சுட்டு வீழ்த்தப்பட்டது. காலை ஏழரை மணியளவில் புச்சிடாவின் தலைமையில் ஏறக்குறைய 125 விமானங்கள் கொழும்பை அடைந்தன. அவற்றுள் 36 ஜீரோக்கள். துறைமுகத்தில் டெனிடாஸ், ஹெக்டர் என்னும் கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. அன்று பிற்பகலில் கடலில் கார்ன்வால், டார்செட்ஷயர் ஆகிய இரு போர்க்கப்பல்கள் 424 பேருடன் ஆழ்ந்தன. ஏப்ரல் 9இல் திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் மூழ்கியது.

துறைமுகத்திற்கு அருகேதான் புறக்கோட்டை. இந்திய முஸ்லிம் வணிகர்கள் முன்னின்று 1908இல் தொடங்கி 1909இல் முடித்த ஜாமிஉல் அழ்பர் பள்ளிவாசல், செங்கல்லும் வெள்ளையும் மாறி மாறி அடுக்கிய மினாராக்களுடன் அங்கே நிற்கிறது. காயல்பட்டினத்து மாணிக்க வணிகர்களும் நம் மாவட்டத்துக் கடைச் சிப்பந்திகளும் புழங்கிய வட்டாரம் அது. குண்டு வீச்சுக்குப் பின் நகரத்தை விட்டு மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். தமிழகக் கரையிலும் அச்சம் பரவியது. சென்னையிலிருந்து அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. விலங்குக் காட்சிசாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன.

தாமிரபரணிக் கரையில் ஒரு குண்டும் விழவில்லை. ஆனால் 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்ததும் மலாயாவிலிருந்து வந்த மணியார்டர் நின்றது. மார்ச் 8இல் இரங்கூன் வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றது. கடையநல்லூரில் கணவன் இருக்கிறானா இல்லையா என்று அறியாமலே மூன்றரை ஆண்டு காத்திருந்த பெண்கள் உண்டு. இறந்தான் என்ற சேதி இல்லையேல் இத்தா இருக்கவும் இயலாது. இருக்கிறான் என்று சொல்லிக்கொள்ளவும் கடிதம் இல்லை. போர் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கிய பிறகே பல வீடுகளுக்கு விடை வந்தது. விமானம் வந்ததா என்று கேட்ட பேரனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: விமானம் வரவில்லை, தபால்காரரும் வரவில்லை.

இனி அந்த இரண்டு சிவப்புப் பட்டைகள். ஜப்பானியர் ஒவ்வொரு விமானந்தாங்கிக் கப்பலுக்கும் ஓர் அடையாளம் வைத்திருந்தனர். அகாகிக்கு ஒரு சிவப்புப் பட்டை, காகாவுக்கு இரண்டு. பேரன் ஒட்டியிருந்தது காகாவின் அடையாளம். ஆனால் காகா 1942 பிப்ரவரியில் பலாவுத் தீவருகே பாறையில் மோதி, செப்பனிடுவதற்காக ஜப்பானுக்குத் திரும்பிவிட்டது. இலங்கைக்கு வந்தவை அகாகி, சோரியு, ஹிரியு, ஷொகாகு, சுய்காகு என்னும் ஐந்தே. அவற்றுள் முதல் மூன்றும், செப்பனிடப்பட்டு வந்த காகாவும் அடுத்த ஜூன் மாதமே மிட்வேயில் மூழ்கின.

பேரன் அட்டையை மாற்றலாமா என்று யோசித்தான். ஹவாய் என்று எழுதிவிட்டால் பட்டைகள் சரியாகிவிடும். காகா அங்கே போயிருந்தது. சற்று நேரம் பேசாமலிருந்தான். பிறகு பிளேடின் முனையால் இரண்டாவது பட்டையை மெல்லச் சுரண்டி எடுத்தான். வாலில் இருந்த எழுத்திலும் ஒரு கோடு குறைய வேண்டுமென்றேன். அதையும் எடுத்தான். கொழும்பு என்ற பெயர் அட்டையில் அப்படியே இருந்தது.