சைலஸ் மார்னரின் தறி: தேர்வு நாவல் குறித்துச் சில குறிப்புகள்

பரீட்சைக்கு வைத்த நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்து முடித்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. கதைச்சுருக்கம் படித்தவர்கள், பாத்திரப் பண்புகளை நெட்டுருப் போட்டவர்கள், கைடு வாங்கியவர்கள் ஏராளம். பையன் சோம்பேறி என்கிறார் வாத்தியார். புத்தகம் செம போர் என்கிறான் பையன். இரண்டு கூற்றுகளுமே அலுப்பை ஆளிடமோ பிரதியிடமோ உறைந்திருக்கும் ஓர் இயற்கைக் குணமாகப் பார்க்கின்றன. அலுப்பு உற்பத்தி செய்யப்படுகிறது, அந்த உற்பத்திக்கு ஒரு நிறுவன வரலாறு இருக்கிறது என்பதே நான் சொல்ல வருவது. ஜார்ஜ் எலியட்டின் 'சைலஸ் மார்னர்' நாவலை முன்வைத்து இதைப் பேசிப் பார்க்கலாம்.

1861இல் வெளிவந்த சிறிய நாவல் அது. எழுதியவரின் இயற்பெயர் மேரி ஆன் எவன்ஸ். கிறிஸ்தவத்தை விமர்சனத்துக்கு உட்படுத்திய ஸ்ட்ராஸையும் ஃபாயர்பாக்கையும் ஆங்கிலத்தில் பெயர்த்தவர். மனைவி உள்ள ஒருவரோடு மணமின்றிச் சேர்ந்து வாழ்ந்ததற்காகக் கௌரவமான குடும்பங்கள் ஒதுக்கி வைத்த பெண். இப்பேர்ப்பட்ட ஆள் எழுதியது எப்படிப் பள்ளிக்கூடத்து நல்லொழுக்கப் பாடமாயிற்று?

இதற்கான விடையை இங்கிலாந்தைவிட அமெரிக்காவில் தேடுவது பயன்தரும். 1874இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் நுழைவுத் தேர்வுக்குச் சில இலக்கிய நூல்களை முன்கூட்டியே அறிவித்தது. அவற்றுள் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ'வும் கோல்ட்ஸ்மித்தின் 'வேக்ஃபீல்டு பாதிரியார்' நாவலும் இருந்தன. சோதிக்கப்பட்டது இலக்கிய அறிவு அல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். நூலிலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு மாணவன் சின்னக் கட்டுரை எழுதவேண்டும். எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, இலக்கணம், நடை ஆகியவை திருத்தப்படும். ஆக, நாவல் தேர்வுக்குள் நுழைந்ததே சொல்லெழுதுவதற்கு ஒரு சாக்காகத்தான். ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு பட்டியல் போட, பள்ளிகள் திண்டாட, 1894இல் ஒரு மாநாடு கூடிப் பொதுப் பட்டியலுக்கு வழிசெய்தது. அதில் நூல்கள் இரண்டு வகை: ஆழ்ந்து கற்கவேண்டியவை, வெறுமனே படித்திருக்கவேண்டியவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பட்டியல்களில் 'சைலஸ் மார்னர்' இரண்டாம் வகையில் இடம்பெற்றது. அதன்பின் தலைமுறை தலைமுறையாக அமெரிக்கப் பிள்ளைகள் அதைத் திட்டிக்கொண்டே படித்தார்கள். அதைத் தேர்ந்தெடுக்க வசதியான காரணங்கள் இருந்தன. 'மிடில்மார்ச்' மாதிரி தலையணை அல்ல. தங்கத்தைவிட அன்பு பெரிது என்று ஒரே வரியில் சுருக்கிவிடவும் முடியும்.

நமது 'டீடெய்ல்டு', 'நான்-டீடெய்ல்டு' பிரிவினையும் இதே ரகம்தான். ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக நிறுவனப்பட்டது இங்கிலாந்துக்கு முன்பே காலனி இந்தியாவில்தான் என்பதைக் கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். வெளிப்படையாக மதபோதனை செய்ய முடியாத ஆட்சி அந்த வேலையை இலக்கியத்திடம் ஒப்படைத்தது. இதில் ஒரு விதிவிலக்கையும் சொல்லவேண்டும். டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1926இல் ஒரு வாதத்தை முன்வைத்தார். பெரும்பாலான பிள்ளைகள் பாதியிலேயே படிப்பை விட்டுவிடுகிறார்கள். எந்த வகுப்பில் நின்றாலும் அதுவரை கற்றது கைக்கு உதவவேண்டும். ஆகவே தானாகப் படிக்கும் பழக்கத்தை முதலில் கொடுங்கள் என்றார். காலனி அதிகாரிதான், ஆனால் இந்த இடத்தில் அவர் பிள்ளையின் பக்கம் நிற்கிறார். அந்தத் தானாகப் படிக்கும் வாசிப்புக்கும் நம் தேர்வுமுறை மதிப்பெண் போட்டது. போட்டதும் அது வாசிப்பாக இல்லாமல் போயிற்று.

தேர்வு பற்றி ஃபூக்கோ 1975இல் எழுதியதை இந்த வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஆனால் அவர் பேசியது தேர்வு மனிதரை என்ன செய்கிறது என்பதை. தேர்வு ஒரு நாவலை என்ன செய்கிறது?

2010களின் நடுவில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 12ஆம் வகுப்பு ஆங்கிலத்துக்கு நீள் வாசிப்பு நூல் என்று ஒன்றை வைத்திருந்தது. ஹெச்.ஜி. வெல்ஸின் 'கண்ணுக்குப் புலப்படாத மனிதன்' அல்லது 'சைலஸ் மார்னர்', இரண்டில் ஒன்று. கதைப்போக்குக்கு ஆறு, பாத்திரத்துக்கு ஆறு, ஆகப் பன்னிரண்டு மதிப்பெண். (சில ஆண்டுகளில் அதை எடுத்துவிட்டார்கள்.) 2016 மார்ச்சில் பரீட்சை எழுதவிருந்த ஒரு பையனுக்கு நான் அப்போது ட்யூஷன் எடுத்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு ஆங்கில ட்யூஷன்தான் சோறு போடும் என்பது தனிக்கதை. ஈரோட்டுப் பக்கம் ஒரு நெசவாளர் ஊர். வீட்டுக் குழித்தறி நின்றுபோய் அப்பா விசைத்தறிக் கூலிக்குப் போகிறார். பீஸ் கட்டியது கடனில். பையன் ஜனவரியிலும் ஆறாம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை.

ஆறாம் அத்தியாயம் ஒரு சாராயக்கடைப் பேச்சு. கசாப்புக்காரரும் லாடம் அடிப்பவரும் ஒரு பசுமாட்டைப் பற்றி வாய்ச்சண்டை போடுகிறார்கள். கிழவர் ஒருவர் பழைய கல்யாணக் கதை சொல்கிறார். நம்மூர் டீக்கடை பெஞ்சேதான். நாவலிலேயே ஆக உயிருள்ள பக்கங்கள். "இதுல என்ன கேப்பாங்கண்ணா?" என்றான். ஒன்றும் கேட்கமாட்டார்கள். கேள்வி வராத பக்கம் தேர்வின் கணக்கில் வீண் பக்கம். கண் அதன்மேல் ஊர்ந்தாலும் மனசு மார்ச் மாதத்தில் இருக்கிறது. அலுப்பு இங்கேதான் பிறக்கிறது. ஆங்கிலம் கடினம் என்பதும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அவன் சிரமப்பட்டுப் புரிந்துகொண்ட வாக்கியங்களும் அவனுக்குப் பயன்படாதவையாக அல்லவா ஆக்கப்பட்டிருந்தன!

இந்த நாவலின் நாயகன் ஒரு நெசவாளி. பள்ளியிலும் கைடிலும் இது ஒரு தகவல் மட்டுமே. பிரதியிலோ தறி எங்கும் இருக்கிறது. தறிச் சத்தம் கேட்டு ஊர்ப்பிள்ளைகள் சன்னலில் எட்டிப்பார்த்துப் பயப்படுகிறார்கள். வேலை அவன் முதுகை வளைத்துக் கண்ணைக் கெடுத்துவிட்டது. சேர்த்த பொன்னைத் தறிக்கு அடியில் தரைச் செங்கல்லைப் பெயர்த்து ஒளிக்கிறான். அது களவுபோனது தெரிந்ததும் அலறி, தள்ளாடிப்போய் உட்காருமிடம் தறிதான். வேறு எதுவும் நிஜமாகத் தோன்றவில்லை அவனுக்கு. வளர்க்க வந்த குழந்தை எப்பியை வேலை நேரத்தில் இடுப்பில் துணிப்பட்டையைச் சுற்றித் தறியோடு கட்டிவைக்கிறான். அவள் கத்தரியால் வெட்டிவிட்டு ஓடிவிடுகிறாள். இந்த இடத்தைச் சொன்னபோது பையன் நிமிர்ந்தான். "எங்கப்பத்தாளும் என்னையத் தறிக்கால்ல சேலைத்துணியில கட்டிப் போட்டிருந்துச்சுங்களாம்" என்றான். பாவு, ஊடை, மிதி, நாடா எல்லாவற்றையும் எனக்கு அவன்தான் விளக்கினான். ஆசிரியர் யார், மாணவர் யார் என்பது அரைமணி நேரம் தலைகீழாயிற்று. பிறகு மாதிரி வினாத்தாளை எடுத்தோம். தறி பற்றி ஒன்றுமில்லை. சைலஸின் மாற்றத்துக்குக் காரணம் பொன்னா, குழந்தையா?

நாவலை மிக நன்றாகப் படிக்கக்கூடியவன் தனக்குப் படிக்க வராது என்று நம்பும்படி செய்யப்பட்டிருந்தான். முதல் தலைமுறையாக மேல்படிப்புக்கு வரும் பிள்ளைகளிடம் இது நிகழும்போது அதை வெறும் 'போர்' என்று விட்டுவிட முடியாது. உழைப்பைக் கதையிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்தை ஒழுக்கமாக மாற்றித் தருவதே தேர்வின் வாசிப்பு. அந்தக் கழித்தலில் முதலில் போவது அவனுடைய வீடு.

பரீட்சைக்கு நான்கு நாள் முன்பு பதினாறாம் அத்தியாயத்தோடு நிறுத்திக்கொண்டான். மீதிக்குச் சுருக்கம் போதும் என்றான், நியாயம்தான். இருபத்தொன்றாம் அத்தியாயத்தை மட்டும் நான் வாயால் சொன்னேன். இளமையில் சைலஸ் செய்யாத திருட்டுக்காக அவனுடைய சபையார் திருவுளச்சீட்டு போட்டு அவனைக் குற்றவாளி ஆக்கியிருந்தார்கள். முப்பது வருடத்துக்கு மேலாகிக் கிழவனாகி, உண்மை வெளிப்பட்டதா என்று விசாரிக்க எப்பியோடு அந்தப் பழைய நகரத்துக்குப் போகிறான். சபை இருந்த முற்றமே இல்லை. அங்கே ஒரு பெரிய ஆலை நிற்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள். இந்நாவலுக்கு ஆறு ஆண்டுகள் கழித்து வந்த 'மூலதனம்' முதல் தொகுதி, விசைத்தறியால் அழிந்த கைத்தறிக்காரர்களை, இங்கிலாந்தினரையும் இந்தியரையும் சேர்த்தே, பேசுகிறது.

"மில்லு வந்துருச்சுங்களா?" என்றான். கொஞ்சநேரம் கழித்து, "அப்ப அவன் திருடலைன்னு அந்த ஊர்க்காரங்களுக்குத் தெரியவே தெரியாதுங்களா?"

தெரியாது. நாவல் அதற்குப் பதில் தருவதில்லை. கைடில் அந்த அத்தியாயத்துக்கு இரண்டு வரி. அடுத்த பத்தியில் எப்பியின் கல்யாணம்.