நர்ஸின் சனிக்கிழமை ராத்திரியும் ஒரு குப்பிச் சிறுநீரும்

அமெரிக்காவில் கஞ்சா விற்பனையை அனுமதித்திருக்கும் ஒரு மாநிலத்தில் ஒரு நர்ஸ் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை ராத்திரி, லைசென்ஸ் உள்ள கடையில் ரசீதோடு வாங்கிய கஞ்சாவைத் தன் வீட்டில் உட்கார்ந்து புகைக்கிறார். ஞாயிறு, திங்கள் இரண்டும் லீவு. செவ்வாய்க்கிழமை காலை டியூட்டிக்கு வருகிறார். போதை எப்போதோ இறங்கிவிட்டது. அன்றைக்குப் பார்த்து மருத்துவமனை ஒரு குப்பியைக் கையில் கொடுத்து சிறுநீர் கேட்கிறது. முடிவு: பாசிட்டிவ். வேலை போகலாம். லைசென்ஸ் மீது விசாரணை வரலாம்.

அதே சனிக்கிழமை ராத்திரி பக்கத்து வார்டு நர்ஸ் அரை பாட்டில் விஸ்கி குடித்தார். செவ்வாய்க்கிழமை வழக்கமான சோதனையில் அவருக்கு ஒன்றும் வராது.

இது நியாயமா என்று கேட்பதற்கு முன்னால், இப்படி ஒரு நிலைமை எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். தேடிப் படித்ததில் எனக்கு ஆச்சரியமாக இருந்த விஷயம் ஒன்றுதான். இந்தச் சிறுநீர்ச் சோதனை மருத்துவமனைக்காக உருவானதே இல்லை! ராணுவத்துக்காகவும் ரயிலுக்காகவும் தைத்த சட்டையை நர்ஸுக்கு மாட்டிவிட்டார்கள். அதனால்தான் அது ஒரு இடத்தில் இறுக்குகிறது, இன்னொரு இடத்தில் தொளதொள என்று தொங்குகிறது.

வியட்நாம், ஒரு கப்பல், ஒரு ரயில்

1971. வியட்நாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடையே ஹெராயின் பரவிவிட்டது என்ற பயம் வாஷிங்டனைப் பிடித்துக்கொண்டது. ஊருக்குத் திரும்பும் சிப்பாய் விமானம் ஏறும் முன் சிறுநீர் கொடுக்க வேண்டும் என்று அதிபர் நிக்சன் அரசு ஏற்பாடு செய்தது. சிப்பாய்கள் வைத்த பெயர் 'ஆபரேஷன் கோல்டன் ஃப்ளோ'. தங்க ஓட்டம் :-) அப்போது குறி ஹெராயின்தான், கஞ்சா இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான பேரை வரிசையில் நிறுத்திச் சோதிக்க முடியும் என்பது அங்கே நிரூபணமானது. அதே பத்தாண்டில் 'எமிட்' போன்ற மலிவான, வேகமான சோதனை முறைகளும் வந்து சேர்ந்தன.

அடுத்த திருப்பம் 1981 மே 26. ஃப்ளோரிடா கரைக்கு அப்பால் 'நிமிட்ஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இரவில் இறங்க வந்த போர் விமானம் மோதி 14 பேர் இறந்தார்கள். பிரேதப் பரிசோதனையில், தளத்தில் வேலை பார்த்த மாலுமிகள் சிலரின் உடலில் கஞ்சாவின் தடயம் இருந்தது. விமானத்தை ஓட்டியவர் உடலில் கஞ்சா இல்லை. அவர் உடலில் அளவுக்கு மீறி இருந்தது, அலர்ஜிக்கும் சளிக்கும் போடும் ஒரு சாதாரண மருந்து! ஆனாலும் செய்தியில் நின்றது கஞ்சாதான். அந்த வருடக் கடைசியிலேயே கடற்படை, துளியும் பொறுக்கமாட்டோம் என்ற கொள்கையோடு எல்லோரையும் சோதிக்கத் தொடங்கியது.

பலன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ராணுவம் தானே நடத்திய கணக்கெடுப்பில், முந்தைய 30 நாளில் போதைப்பொருள் எடுத்ததாகச் சொன்னவர்கள் 1980-இல் 27.6 சதவீதம். 1992-இல் 3.4 சதவீதம். இந்த மாதிரி எண்ணைப் பார்த்தால் எந்த அரசுக்கும் ஆசை வரும்தானே?

வந்தது. 1986 செப்டம்பரில் அதிபர் ரீகன் 12564 என்ற எண்ணுள்ள ஆணையைப் பிறப்பித்தார். மத்திய அரசு ஊழியர்கள் டியூட்டியில் மட்டுமல்ல, டியூட்டி இல்லாத நேரத்திலும் சட்டவிரோத போதைப்பொருளைத் தொடக்கூடாது என்றது அது. இந்தக் கட்டுரையின் கரு இந்த 'டியூட்டி இல்லாத நேரத்திலும்' தான். அதுவரை முதலாளி கேட்ட கேள்வி 'வேலைக்குத் தெளிவாக வந்தாயா?'. இதற்குப் பிறகு கேட்டது 'நீ எப்படிப்பட்ட ஆள்?'.

நாலே மாதத்தில், 1987 ஜனவரி 4 அன்று, மேரிலாந்து மாநிலம் சேஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பயணிகள் ரயில், சிக்னலை மதிக்காமல் குறுக்கே வந்த சரக்கு ரயில் எஞ்சின்கள் மீது மோதியது. 16 பேர் பலி. எஞ்சின்களை ஓட்டியவர் வேலை நேரத்திலேயே கஞ்சா புகைத்திருந்தார். எச்சரிக்கை விசிலின் மேல் டேப் ஒட்டி அதன் வாயையும் அடைத்திருந்தார்கள். நாடே கொதித்தது, கொதிக்க வேண்டியதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நடந்தது வேலை நேரத்துக் குற்றம். அதைக் காட்டி வலுப்பெற்ற சோதனை முறையோ வேலை நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதது.

குப்பி எதை அளக்கிறது?

கொஞ்சம் வேதியியல். கஞ்சாவில் போதை தரும் பொருள் டி.எச்.சி. புகைத்தால் சில நிமிடங்களில் மூளைக்கு ஏறி, சில மணி நேரத்தில் போதை இறங்கிவிடும். உடல் அதை உடைத்து, போதையே தராத வேறொரு பொருளாக மாற்றுகிறது. சிறுநீர்ச் சோதனை தேடுவது இந்தக் கழிவைத்தான். டி.எச்.சி. கொழுப்பில் கரைவது என்பதால் உடம்பில் தங்கிக்கொண்டு மெல்ல மெல்லத்தான் வெளியேறும். எப்போதாவது புகைப்பவருக்கு இரண்டு மூன்று நாள், தினமும் புகைப்பவருக்கு வாரக்கணக்கில்.

மத்திய அரசு 1988-இல் வகுத்த விதிமுறையில் முதல்கட்டச் சோதனையின் எல்லை ஒரு மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம். 1994-இல் அதை 50 ஆகக் குறைத்தார்கள். எல்லை குறையக் குறைய, பின்னோக்கிப் பார்க்கும் தூரம் கூடும். அடுப்பு இப்போது எரிகிறதா என்பதற்குப் பதில் இல்லை, போன வாரம் சமைத்தார்களா என்பதற்குத்தான் பதில். இன்னும் வேடிக்கை, இப்போதுதான் புகைத்துவிட்டு நேரே வார்டுக்கு வந்தவருக்கு அந்தக் கழிவு சிறுநீரில் இறங்கவே நேரம் ஆகும். உண்மையில் ஆபத்தானவர் தப்பிக்கலாம், தெளிவாக இருப்பவர் மாட்டலாம்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

1989 மார்ச் 21 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் தந்தது. ரயில் விபத்துக்குப் பிறகு ஊழியரைச் சோதிக்கலாம் என்றது ஒன்று. சுங்கத்துறையில் போதைப்பொருள் தடுப்பு, துப்பாக்கி சம்பந்தப்பட்ட பதவிகளுக்குச் சந்தேகம் இல்லாமலே சோதிக்கலாம் என்றது இன்னொன்று. பழமைவாதியாகப் பெயர் பெற்ற நீதிபதி ஸ்காலியா இரண்டாவது தீர்ப்பில் மாறுபட்டார். சுங்கத்துறையில் இப்படி ஒரு பிரச்சினை இருந்ததற்கே சான்று இல்லை, இது வெறும் அடையாளத்துக்காக மனிதரின் மானத்தைப் பலியிடுவது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதிலும் அரசியலமைப்பின் பாதுகாப்பு அரசு முதலாளிக்கு எதிராக மட்டும்தான். தனியார் மருத்துவமனைக்கு அந்தத் தடையே இல்லை. அதே 1989-இல் தேசிய தொழிலாளர் உறவு வாரியம், வேலையில் இருப்பவர்களைச் சோதிப்பதென்றால் யூனியனுடன் பேச வேண்டும், புதிதாக விண்ணப்பிப்பவர்களைச் சோதிக்க அது தேவையில்லை என்று முடிவு சொன்னது. வேலை தேடி வருபவருக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? சோதனை அங்கேதான் ஆழமாக வேர் விட்டது.

மருந்து அலமாரிச் சாவி

இப்போது நர்ஸ்களிடம் வருவோம். நர்சிங் தொழிலில் போதைப் பிரச்சினை உண்டு. அதை முதலில் வெளிப்படையாகப் பேசியவர்களும் நர்ஸ்கள்தான். 1982-இல் அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் இதைப் பற்றித் தீர்மானம் போட்டது. அடிமையாகிவிட்ட நர்ஸைத் துரத்தாமல் சிகிச்சை கொடுத்து, கண்காணித்து, மறுபடி வேலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் வளர்ந்தது. 1983-இல் ஃப்ளோரிடா இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. மற்ற பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

அந்தத் திட்டங்களின் பெரிய கவலை கஞ்சா இல்லை. பெத்திடின், மார்ஃபின், ஃபென்டனில். அதாவது மருத்துவமனையின் சொந்த அலமாரியில் இருக்கும் வலி மருந்துகள். சாவி நர்ஸின் கையில். நோயாளிக்குப் போக வேண்டிய ஊசி வேறு கைக்குப் போனால், வலியில் கிடப்பவருக்கு வெறும் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும்.

இதைத்தானே சோதனை முதலில் பிடிக்க வேண்டும்? 1988-இன் வழக்கமான பட்டியலில் இருந்தவை ஐந்து: கஞ்சா, கொகெய்ன், மார்ஃபின் வகை, ஆம்ஃபெட்டமின், பி.சி.பி. இது தெருவில் விற்கும் போதையின் பட்டியல். பெத்திடினும் ஃபென்டனிலும் அதில் இல்லை. மருத்துவமனை தனியாகக் கேட்டுச் சேர்த்துக்கொண்டால்தான் உண்டு. மத்திய அரசுப் பட்டியலில் ஃபென்டனில் சேர்ந்தது 2025-இல்தான். 37 வருடம்!

2012-இல் நியூ ஹாம்ப்ஷயரில் வெளிவந்த ஒரு வழக்கு இந்த ஆபத்தின் அளவைக் காட்டும். மருத்துவமனை டெக்னீஷியன் ஒருவர் (நர்ஸ் இல்லை) ஃபென்டனில் ஊசிகளைத் திருடித் தனக்குப் போட்டுக்கொண்டு, அதே ஊசியில் உப்புத் தண்ணீரை நிரப்பி வைத்தார். அவருக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது. குறைந்தது 45 பேருக்குத் தொற்றியது. 39 வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. முந்தைய மருத்துவமனைகளில் சிக்கியவர்தான் அவர். விஷயம் அடுத்த மருத்துவமனைக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். இங்கே ஓட்டை சிறுநீரில் இல்லை, நிர்வாகத்தில்.

சரி, நர்ஸ்கள் கஞ்சாவே தொடுவதில்லையா? தொடுகிறார்கள். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில் 4,438 நர்ஸ்களிடம் பெயர் சொல்லாமல் கேட்டார்கள். சிகரெட், மிதமிஞ்சிய குடி, மாத்திரை, கஞ்சா என எல்லாவற்றையும் சேர்த்தால் முந்தைய ஒரு வருடத்தில் ஏதோ ஒன்றைப் பயன்படுத்தியவர்கள் 32 சதவீதம். அவசரச் சிகிச்சைப் பிரிவு நர்ஸ்கள் கஞ்சாவோ கொகெய்னோ எடுத்திருக்கும் வாய்ப்பு, குழந்தைகள் வார்டு, பெண்கள் வார்டு மாதிரி இடங்களில் இருப்பவர்களைவிட 3.5 மடங்கு. ராத்திரி பகலாக ரத்தத்தையும் சாவையும் பார்க்கும் பிரிவு என்பதை யோசித்தால் காரணம் ஓரளவு புரியும்.

மாநிலங்கள் மாறின, குப்பி மாறவில்லை

1996-இல் கலிபோர்னியா மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தது. 2012-இல் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் மற்றவர்களுக்கும் அனுமதித்தன. ஆனால் 1970-இன் மத்தியச் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து முதல் பட்டியலில் வைத்திருந்தது. இந்த முரண்பாட்டில் மாட்டியவர்கள் தொழிலாளர்கள். முதுகுவலிக்காக டாக்டர் சொல்லிக் கஞ்சா எடுத்த முன்னாள் விமானப்படை வீரர் வேலையை இழந்தார். 2008-இல் கலிபோர்னியா உச்சநீதிமன்றம் முதலாளி பக்கம் நின்றது. கொலராடோவில் சக்கர நாற்காலியில் வாழும் ஒருவர், வீட்டில் எடுத்த மருத்துவக் கஞ்சாவுக்காக நீக்கப்பட்டார். ஓய்வு நேரத்தில் செய்யும் சட்டபூர்வமான செயலுக்காக யாரையும் நீக்கக்கூடாது என்று அங்கே ஒரு சட்டமே உண்டு. 2015-இல் நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? 'சட்டபூர்வம்' என்றால் மத்தியச் சட்டப்படியும் இருக்க வேண்டுமாம்!

காற்று திசை மாறியது கனெக்டிகட்டில். ஒரு நர்சிங் ஹோம் ஒரு பெண்ணுக்கு வேலை தருவதாகச் சொன்னது. ராத்திரி தூங்கும் முன் மருத்துவக் கஞ்சா எடுப்பதாக அவரே முன்கூட்டிச் சொன்னார். சோதனை பாசிட்டிவ், வேலை இல்லை என்றார்கள். மத்திய அரசின் 1988 சட்டம் எங்களைக் கட்டுப்படுத்துகிறது என்பது அவர்கள் வாதம். அந்தச் சட்டம் சோதனை நடத்தச் சொல்லவே இல்லை, வேலைக்கு வெளியே பயன்படுத்துபவரை எடுக்கக்கூடாது என்றும் சொல்லவில்லை என்று 2018-இல் நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். முப்பது வருடமாக எத்தனையோ முதலாளிகள் காட்டிய சாக்கு அது.

நியூயார்க் நகரம் 2020-இல் வேலைக்கு முந்தைய கஞ்சா சோதனையைத் தடை செய்தபோது, நோயாளிகளைக் கவனிக்கும் வேலைகளுக்கு மட்டும் விதிவிலக்கு வைத்தது. அதாவது எல்லோருக்கும் கதவு திறந்தது, நர்ஸுக்குத் திறக்கவில்லை. 2021-இல் வந்த மாநிலச் சட்டம்தான் ஓய்வு நேரப் பயன்பாட்டுக்கு நர்ஸுக்கும் பாதுகாப்பு கொடுத்தது. 2024 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில் போதை தராத அந்தக் கழிவை மட்டும் வைத்து வேலையை மறுக்க முடியாது. கட்டுமானத் தொழில் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, நர்ஸ் அதில் இல்லை. ஆனால் இவையெல்லாம் முதலாளியைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள். லைசென்ஸ் தரும் நர்சிங் போர்டு வேறு, அதன் விதிகள் வேறு.

நோயாளி பக்கம்

'படுக்கையில் கிடப்பது உன் அம்மா என்றால் இப்படிப் பேசுவாயா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நர்ஸின் கை ஒரு பூஜ்யத்தைத் தவறாகப் படித்தால் ஓர் உயிர் போகும். போதையோடு டியூட்டிக்கு வரும் நர்ஸை ஒரு நிமிடம் கூட வார்டில் விடக்கூடாது. இதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. ரத்தத்தில் டி.எச்.சி. எவ்வளவு இருந்தால் கை தடுமாறும் என்று மதுவுக்கு இருப்பது போல நம்பகமான அளவு இல்லாததும் உண்மையான சிக்கல்.

ஆனால் அந்த அம்மாவுக்கு வேண்டியது, இந்த நிமிடத்தில் தெளிவாக இருக்கும் நர்ஸ். குப்பி அதைச் சொல்வதில்லை. 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, நர்ஸின் ஷிப்ட் பன்னிரண்டரை மணி நேரத்தைத் தாண்டினால் தவறு செய்யும் வாய்ப்பு மூன்று மடங்காகிறது என்று காட்டியது. தூக்கமில்லாத கண்ணைக் கண்டுபிடிக்க எந்தக் குப்பியும் கிடையாது. கண்டுபிடித்தால் மருத்துவமனை இன்னும் ஆட்களை எடுக்க வேண்டியிருக்கும். சனிக்கிழமை ராத்திரியை விசாரிப்பது அதைவிட மலிவு.

கஞ்சா நல்லதென்று சொல்ல இதை எழுதவில்லை. ஒரு சோதனை எந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்தது என்பதை மறந்துவிட்டால், அது நம்மை எங்கே பார்க்க வைக்கிறது, எங்கே பார்க்க விடாமல் செய்கிறது என்பதும் மறந்துபோகும். நிமிட்ஸ் கப்பலில் விமானியின் சளி மருந்தை விட்டுவிட்டு மாலுமியின் கஞ்சாவைப் பார்த்தார்கள். மருத்துவமனையில் ஃபென்டனில் அலமாரியையும் பதிமூன்றாவது மணி நேர ஷிப்டையும் விட்டுவிட்டு நர்ஸின் ஓய்வு நாளைப் பார்த்தார்கள். நோயாளியைக் காப்பாற்ற என்று தொடங்கிய வேலை, நோயாளிக்கு எது ஆபத்து என்பதிலிருந்தாவது தொடங்கியிருக்கலாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?