மிஷன் ஆஸ்டராய்டு: புதியவர்களுக்காக எழுதப்பட்ட படச் சாகசம்

‘மிஷன் ஆஸ்டராய்டு’ ஆப்பிள் 2 கணினிக்காக 1980–81இல் உருவான சாகச விளையாட்டு. திரையின் மேல்பகுதியில் படம், கீழே நான்கு வரி எழுத்து. ஆடுபவர் விசைப்பலகையில் கட்டளையைத் தட்டச்சு செய்து கதையை நகர்த்த வேண்டும். கலிபோர்னியாவில் கென் வில்லியம்ஸும் அவருடைய மனைவி ராபர்ட்டா வில்லியம்ஸும் நடத்திய ஆன்-லைன் சிஸ்டம்ஸ் நிறுவனம் இதை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் ‘ஹை-ரெஸ் அட்வெஞ்சர்’ வரிசையில் இது மூன்றாவதாக வந்தது. ஆனாலும் இதற்கு இடப்பட்ட எண் பூஜ்யம். ஒன்று, இரண்டு என்று எண்ணிட்ட ஆட்டங்கள் ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்டன. அவற்றுக்கு முன் ஆட வேண்டியது இது என்று வாங்குபவருக்குச் சொல்ல அந்த எண்ணே போதுமானதாக இருந்தது.

இவ்வகை ஆட்டங்களின் மூலம் ‘கொலோசல் கேவ் அட்வெஞ்சர்’. குகை ஆய்வில் ஈடுபாடு கொண்ட நிரலாளரான வில் க்ரௌதர் 1970களின் நடுவில் கென்டக்கியின் மாமத் குகையை மனத்தில் வைத்து, தம் மகள்களுக்காக அதை எழுதினார். கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களையும் அது மிரட்டக் கூடாது என்பது அவருடைய எண்ணம். ஸ்டான்போர்டில் இருந்த டான் வுட்ஸ் 1977இல் அதை விரிவாக்கினார். பெருங்கணினிகளில் மட்டுமே ஓடிய அந்த ஆட்டத்தை, வீட்டிலிருந்த தொலைமுனையம் வழியாக ராபர்ட்டா ஆடி முடித்தார். ஸ்காட் ஆடம்ஸ் 1978இல் ‘அட்வெஞ்சர்லேண்ட்’ மூலம் இதே முறையைச் சிறிய வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்திருந்தார். அதுவரை வந்தவை எல்லாம் எழுத்து மட்டுமே. இடத்தைப் படமாகக் காட்டலாம் என்பது ராபர்ட்டாவின் யோசனை.

அதன் விளைவு 1980 மே மாதம் வெளிவந்த ‘மிஸ்டரி ஹவுஸ்’. ஒரு பழைய மாளிகை, ஏழு பேர், அவர்களுக்குள் ஒரு கொலையாளி, ஒளித்து வைத்த நகைகள். கதையையும் படங்களையும் ராபர்ட்டாவும் நிரலைக் கென்னும் செய்தார்கள். படங்கள் ஏறத்தாழ எழுபது. ஆப்பிள் 2இன் உயர்தெளிவுப் படம் ஒன்றை அப்படியே சேமித்தால் 8 கிலோபைட் தேவை. எழுபது படங்களுக்கு 560 கிலோபைட். அந்தக் காலத்து ஆப்பிள் பிளாப்பி ஒன்றில் 140 கிலோபைட்டுக்கு மேல் அடங்காது. ஆகவே படங்களைப் படங்களாகச் சேமிக்கவில்லை. காகிதத்தில் வரைந்ததை ‘வெர்சாரைட்டர்’ என்ற வரைபலகையின் அடியில் வைத்து, அதன் நகரும் கையால் கோடுகளைத் தொட்டுத் தொட்டுப் படியெடுத்தார்கள். கோலம் போடுபவர் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு இழுக்க வேண்டும் என்ற வரிசையை மனத்தில் வைத்திருப்பதைப் போல, கணினி அந்த வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாக வரைந்தது. மனிதர்கள் குச்சி உருவங்களாகவே தெரிந்தார்கள். ஆயினும் ஜிப் பையில் போட்டு 24.95 டாலருக்கு விற்ற அந்தத் தட்டு பத்தாயிரம் பிரதிகளுக்கு மேல் போயிற்று.

அதே ஆண்டு வந்த ‘தி விசர்டு அண்ட் தி பிரின்சஸ்’ வண்ணத்தில் அமைந்தது. செரீனியா நாட்டு இளவரசியை ஒரு மந்திரவாதி கவர்ந்து செல்கிறான். மீட்பவருக்குப் பாதி ராஜ்யம். கதை எளிது, ஆட்டம் மிகக் கடினம். ஊரை விட்டு வெளியேறிய உடனேயே பாலைவனத்தில் நஞ்சுள்ள கிலுகிலுப்பைப் பாம்பு ஒன்று வழிமறிக்கும். அதன்மீது எறியக் கல் வேண்டும். பாலைவனமெங்கும் கற்கள் கிடக்கின்றன. எடுத்தால் அடியிலிருக்கும் தேள் கொட்டி ஆட்டம் முடிந்துவிடும். தேள் இல்லாத ஒரே கல்லை, எங்கு திரும்பினாலும் ஒன்றுபோல் தெரியும் மணல்வெளியில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இவ்வளவும் முதல் புதிருக்கே. அப்போதுதான் முதல் கணினியை வாங்கிய குடும்பம் ஒன்று இதை முதல் ஆட்டமாக வாங்கியிருந்தால், கதையின் பெரும்பகுதியை அது பார்த்தே இருக்காது. புதியவர்களுக்கென்று தனியாக ஓர் ஆட்டம் தேவைப்பட்டதை விளக்க இந்த ஒரு பாலைவனம் போதும்.

‘மிஷன் ஆஸ்டராய்டு’ தேர்ந்தெடுத்த கதை அந்தத் தேவைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரு சிறுகோள் பூமியை நோக்கி வருகிறது. ஆடுபவர் ஒரு விண்வெளி வீரர். ராக்கெட்டில் சென்று, வெடிபொருளை வைத்து, அது மோதுவதற்கு முன் தகர்க்க வேண்டும். ராணுவச் சூழல் என்பதால் உத்தரவுகள் வந்துகொண்டே இருக்கின்றன. தலைமையகத்துக்குள் நுழைந்து தளபதியைக் கண்டால் சல்யூட் அடிக்க வேண்டும். மருத்துவர் உடலைச் சோதிக்க வேண்டும். கணினி அறையில் தட்டைச் செருகினால் பறக்க வேண்டிய திசைகளும் நேரங்களும் திரையில் வரும். இவை ஒவ்வொன்றும் ஒரு வினையும் ஒரு பெயரும் கொண்ட சிறு கட்டளையால் முடிகிற வேலை. வடக்கே போவது, பொருளை எடுப்பது, கருவியில் செருகுவது, குறித்துக்கொண்ட செய்தியைப் பின்னால் பயன்படுத்துவது என்று இவ்வகை ஆட்டத்தின் எல்லா அடிப்படைப் பழக்கங்களும் ராக்கெட் கிளம்பும் முன்பே கைவந்துவிடுகின்றன. பாடம் நடத்துவதாக எங்கும் அறிவிப்பு இல்லை. பயணத்துக்கான ஆயத்தமே பயிற்சியாக அமைந்துவிட்டது. இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த அம்சம் இதுதான்.

படங்கள் திரையில் உருவாகும் விதமும் பார்க்கத் தக்கது. புதிய அறைக்குள் நுழைந்ததும் முதலில் வெளிக்கோடுகள் ஒவ்வொன்றாக ஓடும். பிறகு அடைபட்ட பகுதிகளுக்குள் வண்ணம் பரவி நிரம்பும். ஆப்பிள் 2 உண்மையில் தரக்கூடியவை ஆறு வண்ணங்களே. புள்ளிகளை மாற்றி மாற்றி அடுக்கி அவற்றுக்கு இடைப்பட்ட சாயல்களையும் வரவழைத்தார்கள்.

எளிமை எல்லா இடத்திலும் கைகூடவில்லை. ஒவ்வொரு நகர்வுக்கும் கதைக்குள் நேரம் கழிகிறது. அலைந்து திரிந்து சுற்றிப் பார்க்கிறவர் மேல் சிறுகோள் வந்து விழுந்துவிடும். பறக்கும்போது திசை அட்டவணை சற்றுப் பிசகினாலும் விண்வெளியில் தொலைய வேண்டியதுதான். கணினி அறிந்த சொற்கள் சில மட்டுமே என்பதால், செய்ய வேண்டியது தெரிந்தும் அதற்கான சொல் கிடைக்காமல் தவிப்பது புதியவர்களுக்குப் பெரும் தொல்லை. ஆராய்ந்து பார்ப்பதில்தான் சாகச ஆட்டத்தின் சுவையே இருக்கிறது. அறிமுக ஆட்டத்தில் கடிகாரத்தை வைத்து அதை நெருக்கியது பிழை என்றே சொல்ல வேண்டும்.

ஆப்பிளை அடுத்து அட்டாரி, கமடோர் 64 கணினிகளுக்கும் இது சென்றது. ஆன்-லைன் சிஸ்டம்ஸ் 1982இல் சியரா ஆன்-லைன் ஆயிற்று. அதே ஆண்டு வரிசையின் ஐந்தாம் எண்ணாக வந்த ‘டைம் ஸோன்’ ஆறு தட்டுகளின் பன்னிரண்டு பக்கங்களை நிரப்பி, ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களோடு ஏறக்குறைய 100 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. எழுத்து ஆட்டங்களில் பேர்பெற்ற இன்போகாம் நிறுவனமும் பின்னர் தன் ஆட்டங்களுக்குக் கடினநிலை குறிக்கத் தொடங்கியது. பிரையன் மோரியார்ட்டி எழுதிய ‘விஷ்பிரிங்கர்’ 1985இல் அறிமுக நிலை ஆட்டமாக வந்தது. சியரா சென்ற வழி வேறு. ராபர்ட்டாவின் ‘கிங்ஸ் குவெஸ்ட்’ 1984இல் அசையாத படங்களைக் கைவிட்டு, நாயகனையே திரையில் நடக்க வைத்தது. போக வேண்டிய திசையைத் தட்டச்சு செய்யும் வேலை அதோடு போயிற்று; மற்றக் கட்டளைகள் நீடித்தன. பழைய செரீனியா நாட்டுக்கே மீண்டும் சென்ற ஐந்தாவது பாகம் 1990இல் வந்தபோது அவையும் நீங்கி, சுட்டியால் படத்தைச் சொடுக்குவதே ஆடும் முறையாயிற்று.