கடைவீட்டின் நெற்றியில் ஒரு வருஷம்: 1930களின் டவுன் வீடுகளை எப்படிப் படிப்பது?

சுவா, லுக்குட், போர்ட்டிக்சன் பக்கம் இருப்பவர்களுக்கு 'டவுன்' என்றால் பெரும்பாலும் சிரம்பான்தான். அங்கே பழைய கடைவரிசையில் நடக்கும்போது நம் கண் கீழே உள்ள கைப்பேசிக் கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும்தான் இருக்கும். அடுத்த முறை போனால், எதிர்ப்பக்கம் நின்று மேல்மாடியைப் பாருங்க. சில கட்டடங்களின் நெற்றியில் ஒரு வருஷம் பொறித்திருக்கும்.

அது 1930களைச் சேர்ந்த வருஷமாக இருந்தால், நீங்கள் பார்ப்பது மலாயாவில் நவீனக் கட்டடக்கலையை முதலில் ஏற்றுக்கொண்ட டவுன் வீடுகளில் ஒன்று. அதைக் கட்டக் காசு எங்கிருந்து வந்தது? பல இடங்களில் பதில் ஒரே சொல்தான்: ரப்பர். அதனால் இந்தச் சுவர்களுக்கும் தோட்டத்தில் பால் வெட்டிய உங்கள் தாத்தா பாட்டிக்கும் தொடர்பு இருக்கிறது.

கடைவீடு என்றால் என்ன?

கீழே கடை, மேலே குடும்பம். இதுதான் கடைவீடு. முகப்பு ஏறக்குறைய 16 முதல் 20 அடி அகலம்தான் இருக்கும். ஆனால் உள்ளே போனால் அதைப் போல் பல மடங்கு நீளம். இரண்டு பக்கச் சுவர்களும் அடுத்த வீட்டோடு பொதுவானவை.

ஏன் இவ்வளவு குறுகல்? பழைய கடைவீட்டில் மாடித் தளத்தைத் தாங்கியது மர உத்தரம். அது ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவருக்குப் போக வேண்டும். மரம் எவ்வளவு நீளம் கிடைக்குமோ, வீடும் அவ்வளவு அகலம்தான். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க முடியாது என்பதால் நடுவில் திறந்த முற்றம் விட்டார்கள். செட்டிநாட்டு வீட்டு முற்றம் செய்யும் அதே வேலைதான்: வெளிச்சமும் காற்றும் உள்ளே வரும், சூடு மேலே போகும்.

முன்னால் இருக்கும் 'காக்கி லீமா' என்ற ஐந்தடி நடைபாதை, சட்டத்தால் வந்தது. 1822இல் சிங்கப்பூர் நகரைத் திட்டமிட்ட ராஃபிள்ஸ், தெருவின் இருபுறமும் தொடர்ச்சியான கூரை போட்ட நடைவழி இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்த வழக்கம் மலாயா டவுன்களுக்கும் பரவியது. கோலாலம்பூர் 1881இல் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தது. அதன் பிறகு அத்தாப்புக் கூரைக்குப் பதிலாகச் செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டச் சொன்னார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பெயரே அந்தச் செங்கல் சூளைகளால் வந்ததுதான்.

1930களில் என்ன மாறியது?

இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் வந்தது. உத்தரம் இனி மர நீளத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. ஜன்னல்கள் அகலமாயின. மூலைகளை வளைக்க முடிந்தது. ஜன்னலுக்கு மேலே சுவரோடு சேர்த்து நீட்டிய மெல்லிய கான்கிரீட் விளிம்பு, வெயிலையும் மழையையும் தடுத்தது.

தோற்றமும் மாறியது. அதற்கு முந்தைய கடைவீடுகளில் சாந்தில் செய்த பூக்கள், வண்ண ஓடுகள், ரோமானியத் தூண்கள் என்று அலங்காரம் நிறைய இருக்கும். 1925 பாரிஸ் கண்காட்சியோடு சேர்த்துப் பேசப்படும் 'ஆர்ட் டெக்கோ' பாணி இவற்றை ஒதுக்கி, நேர்கோடு, படிக்கட்டு போன்ற நெற்றி, கொடிக்கம்பம் என்று எளிமையாக்கியது. மேலே 'ஷாங்காய் பிளாஸ்டர்' என்ற பூச்சு: சிமெண்டில் கல்துகள் கலந்து பூசி, கருங்கல் போலத் தெரிய வைப்பது. பெயிண்ட் அடிக்கத் தேவையில்லை.

பெரிய அளவில் இந்தப் பாணியைப் பார்க்க வேண்டுமா? கோலாலம்பூரில் 1932இல் எழுந்த ஓரியண்டல் கட்டடத்தையும் 1937இல் முடிந்த சென்ட்ரல் மார்க்கெட்டையும் பாருங்க. சின்ன டவுன் கடைவீடுகள் அதே மொழியைக் குறைந்த செலவில் பேசின.

அதே நேரம் நியூயார்க்கில்

1934இல் நியூயார்க்கின் 48ஆவது தெருவில், வில்லியம் லெஸ்கேஸ் என்ற கட்டடக்கலைஞர் ஒரு பழைய வரிசை வீட்டின் முகப்பையே மாற்றி முடித்தார். வெள்ளைச் சுவர், கண்ணாடிக் கட்டிகள், வளைந்த கோடுகள். கீழே அவருடைய அலுவலகம், மேலே வீடு. அமெரிக்க நவீன டவுன் வீடுகளில் முன்னோடி என்று அதைச் சொல்கிறார்கள்.

கவனிச்சீங்களா? கீழே வேலை, மேலே குடித்தனம், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர். அதுவும் ஒரு வகைக் கடைவீடுதான். வித்தியாசம் காற்றில் இருக்கிறது. லெஸ்கேஸ் திறக்க முடியாத கண்ணாடிக் கட்டிகளை வைத்துவிட்டு உள்ளே ஏர்கான் பொருத்தினார். மலாயாவில் சுவரில் துளைகள் விட்டு, முற்றத்தைத் திறந்து வைத்தார்கள். மின்சாரம் இல்லாமலே வீடு மூச்சு விட்டது.

ரப்பர் எங்கே வருகிறது?

1929க்குப் பிறகு உலகப் பொருளாதாரம் சரிந்தது. 1932இல் ஒரு ராத்தல் ரப்பர் சில காசுக்கு வந்துவிட்டது. தோட்டங்கள் சம்பளத்தைக் குறைத்தன. ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1934இல் ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக ஒப்பந்தம் வந்தது. விலை மெல்ல ஏறியது. டவுன்களில் மறுபடியும் கட்டட வேலை சூடுபிடித்தது.

டவுனில் தமிழர்களும் இருந்தார்கள். கோலாலம்பூர் லெபோ அம்பாங் செட்டியார்களின் வட்டித் தொழிலுக்கு மையம். அங்கே 'கிட்டங்கி' என்றால், ஒரே கடைவீட்டுக்குள் பல பெட்டியடிகள் வரிசையாக இருக்கும். பகலில் கணக்கு, இரவில் அங்கேயே படுக்கை.

ஆனால் பால் வெட்டியவர்கள் இருந்தது தோட்ட லயத்தில். அதுவும் ஒட்டுச்சுவர் வீடுதான், அதுவும் வரிசைதான். ஒரே ஒரு வித்தியாசம்: லயத்தின் நெற்றியில் யாரும் வருஷம் பொறிக்கவில்லை. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரம் பற்றிய தனிச் சட்டம் மலேசியாவில் வந்தது 1966இல்தான்.

இவை இத்தனை நாள் எப்படித் தப்பின?

அதே 1966இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு காரணம். 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. வீட்டுக்காரருக்கு இடிக்கவும் ஆர்வமில்லை, பழுது பார்க்கவும் ஆர்வமில்லை. கட்டடம் நின்றது, ஆனால் ஒழுகியது.

1997இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். மாறுவதற்குக் கொடுத்த அவகாசம் 1999 கடைசியில் முடிந்தது. வாடகை ஏறியதும் பல பழைய குடித்தனக்காரர்கள் வெளியேறினார்கள். சில வரிசைகள் இடிந்தன. சில இடங்களில் முகப்பு மட்டும் மிஞ்சியது.

2005 தேசிய மரபுடைமைச் சட்டம் பாதுகாக்க வழி தருகிறது. 2008இல் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. சின்ன டவுன்களின் கடைவரிசைகளுக்கு அந்தப் புகழ் கிடையாது. உரிமையாளரின் மனசும் ஊராட்சி மன்றத்தின் முடிவும்தான் அவற்றின் கதி.

நீங்கள் என்ன பார்க்கலாம், என்ன செய்யலாம்?

• நெற்றியில் வருஷம், பெயர், கொடிக்கம்பம் இருக்கிறதா?
• சாம்பல் பூச்சு அப்படியே இருக்கிறதா, மேலே பெயிண்ட் அடித்துவிட்டார்களா?
• ஜன்னலுக்கு மேல் கான்கிரீட் விளிம்பும் காற்றுத் துளைகளும் தெரிகின்றனவா?
• உள்ளே முற்றம் திறந்திருக்கிறதா, கூரை போட்டு மூடிவிட்டார்களா? உள்ளே போகக் கடைக்காரரிடம் முதலில் கேளுங்க.

பார்த்ததைப் படமெடுத்து, தெருப் பெயரும் தேதியும் எழுதி வைங்க. ஒரு கட்டடத்தைக் காப்பாற்றச் சொல்லி மனுப் போடும்போது, அது எப்படி இருந்தது என்று காட்டும் படம்தான் முதல் ஆதாரம்.

தோட்டத்தில் லயம் இன்னும் நின்றால் அதையும் சேர்த்துப் படமெடுங்க. எத்தனை அறை, தண்ணீர்க்குழாய் எங்கே இருந்தது, எந்த வருஷம் காலி செய்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்க. கடைவீட்டுக்கு அதன் நெற்றியே சாட்சி. லயத்துக்கு அதில் வாழ்ந்தவர்களின் ஞாபகம் மட்டும்தான்.